பழைய மாருதி 800-ஆ, பத்து வருஷ ஆல்ட்டோவா? கடற்கரை ஊர் வண்டியை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பழைய கார் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர்?" ராமநாதபுரம் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "ராத்திரி வண்டி எங்கே நின்றது?" மண்டபத்தில் உப்புக் காற்றில் வெட்டவெளியில் நின்றதும், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் ஷெட்டில் நின்றதும் ஒரே வயதானாலும் ஒன்றாகாது.

உதாரணத்துக்கு 1998 மாருதி 800, 2014 ஆல்ட்டோ 800. இரண்டுமே 796 சிசி, மூன்று சிலிண்டர். முன்னது கார்புரேட்டர், பின்னதில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர்.

முதலில் ஆர்.சி. சொந்தக் காருக்கு 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். ஆல்ட்டோவுக்கு 2029 வரை கவலையில்லை. 800 மூன்று தடவை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) காட்டியிருக்கணும். லோன் இருந்திருந்தால், அது தீர்ந்தது என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யையும் கேளுங்கள்.

அடுத்தது துரு. இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் வாங்கிய முதல் வண்டி புது பெயிண்டில் பளபளவென்று இருந்தது. மழைக்காலத்தில் டிக்கியில் தண்ணீர் நின்றது. ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தகட்டை அழுத்தினேன், கட்டைவிரல் அப்படியே உள்ளே போய்விட்டது. அதனால் ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள், கால்மேட்டைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அரித்திருக்கும். விரலால் தட்டினால் நல்ல தகடு 'ணங்' என்னும், பட்டி பூசிய இடம் 'பொத்' என்னும். அங்கே காந்தமும் சரியாக ஒட்டாது. கதவு, ஃபெண்டரில் துரு என்றால் டிங்கரிங் செய்துகொள்ளலாம். சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடத்திலோ பிரேக் பைப்பிலோ துரு தின்றிருந்தால் விலை பேசாமலே திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு ஸ்டார்ட்டிங். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கணும். 800-இல் சோக்கை (ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவும் குமிழை) இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடானதும் உள்ளே தள்ளினால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே இன்ஜின் சீராக ஓடணும். ஆல்ட்டோவில் சாவி போட்டதும் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடாது.

துரு தின்ற ஆல்ட்டோவைவிடத் தகடு சுத்தமான 800 மேல். ஆனால் பிள்ளைகளோடு அடிக்கடி மதுரை போகிறவர்கள் பணம் சேர்த்து இன்னும் புது மாடலாகப் பாருங்கள். 2019 ஜூலையிலிருந்துதான் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது.

எதை வாங்கினாலும் தனுஷ்கோடி போய் வந்த அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். உப்பு போர் தண்ணீரில் வேண்டாம், நல்ல தண்ணீரில்.