மாலை ஐந்து மணிக்கு மேல்: தன்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னார்வலராக வெளிநாடு போகிறவர்களுக்குக் கிளம்பும் முன் நடக்கும் பயிற்சியில் வேலையைப் பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தன்சானியாவின் மொரோகோரோவில் தங்கியிருந்த காலத்தில் நான் செய்த தவறுகளும், எனக்குப் பின் வந்தவர்கள் செய்ததாக நான் கண்ட தவறுகளும் அந்த ஓய்வு நேரத்தில்தான் அதிகம் நடந்தன.

முதலில் கடிகாரம். அங்கே பேசும் மொழியான சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி, அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது முதல் மணி. நம் 10 மணி அவர்களுக்கு நாலாம் மணி. நம் பஞ்சாங்க நாழிகையும் சூரிய உதயத்தில் தொடங்குவதுதான் என்பதால் நமக்குப் புரியாத கணக்கு இல்லை. ஆனாலும் ஏமாந்து போவோம். தார் எஸ் சலாம் போக நான் வாங்கிய பஸ் டிக்கெட்டில் பேனாவால் ‘12 அசுபுஹி’ என்று எழுதியிருந்தது. அசுபுஹி என்றால் காலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 12 என்ற எண்தான் மனதில் நின்றது. பதினொன்றரைக்குப் பையோடு போய் நின்றேன். பஸ், அவர்கள் கணக்கில் பன்னிரண்டான காலை 6 மணிக்கே புறப்பட்டுப் போயிருந்தது. யார் நேரம் சொன்னாலும் சுவாஹிலி மணியா, ஆங்கில மணியா என்று கேட்டுவிடுங்கள். கிழமையிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஜுமாதாத்து’வில் மூன்று என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது திங்கட்கிழமை, எண்ணிக்கை சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறது.

அடுத்தது, வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்குப் போவது. கடைக்காரரிடம் நேராகப் போய் “தக்காளி என்ன விலை?” என்று கேட்டால் அங்கே அது முரட்டுத்தனம். காலை எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று இரண்டு மூன்று சுற்று விசாரித்த பிறகுதான் தக்காளி. பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். ‘உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்’ என்பதுதான் அந்தச் சொல்லின் மூலப் பொருள் என்று அங்கே விளக்குவார்கள். கால் தொட்டு வணங்கி வளர்ந்தவர்களுக்கு இதில் கூச்சம் இருக்க வேண்டியதில்லை. நான் இருந்த தெருவில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஷிகமோ சொல்ல ஆரம்பித்த வாரத்திலேயே தெருப் பிள்ளைகள் எனக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

சந்தையில் தராசைத் தேடாதீர்கள். தக்காளி, வெங்காயம், மாங்காய் எல்லாம் ‘ஃபுங்கு’ கணக்கில், நம்மூர் போலவே கூறு கட்டி வைத்திருப்பார்கள். பேரம் பேசலாம். ஆனால் ஒரு கூறுக்காகப் பத்து நிமிஷம் மல்லுக்கட்ட வேண்டாம். பேசி முடித்ததும் ஒன்றிரண்டு தக்காளி கொசுறாக விழும், அதோடு விடுங்கள். இந்தியர்களை ‘முஹிண்டி’ என்று கூப்பிடுவார்கள். அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் இந்தியர்கள் இருப்பதால் உங்களையும் வியாபாரி என்று நினைப்பார்கள். கோபப்படாமல் என்ன வேலைக்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, வார இறுதியை அறைக்குள்ளேயோ மற்ற வெளிநாட்டவர்களோடு மட்டுமோ கழிப்பது. அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு 1961இல் முதன்முதலில் ஆள் அனுப்பிய இடங்களில், இன்றைய தன்சானியாவின் பெரும்பகுதியான அன்றைய டாங்கனிக்காவும் ஒன்று. வருவார்கள், ஓரிரு வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள் என்பதை அந்த ஊர் மக்கள் அறுபது வருஷமாகப் பார்த்து வருகிறார்கள். நீங்களும் அப்படித்தானா என்று அவர்கள் உங்கள் சனி, ஞாயிறைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தெருமுனையில் ‘கிஜிவே’ என்ற அரட்டை இடம் இருக்கும். கரி அடுப்பின் மேல் நீளமான கெண்டி, கைக்குள் அடங்கும் சின்னப் பீங்கான் கோப்பைகள், சர்க்கரை போடாத கறுப்புக் காபி. கடித்துக்கொள்ள ‘கஷாத்தா’ தருவார்கள். நம் கடலை மிட்டாயேதான். பக்கத்தில் பலகையில் சோடா மூடிகளை வைத்து இரண்டு பேர் ‘டிராஃப்டி’ ஆடுவார்கள், நாலு பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். பேச்சு பெரும்பாலும் யங்காவா சிம்பாவா என்ற கால்பந்துச் சண்டையில் வந்து நிற்கும். முந்தையது 1935இல் தொடங்கிய அணி, பிந்தையது 1936. முதல் மாதத்திலேயே ஒரு பக்கம் சேர்ந்துவிடாதீர்கள், கேட்டுக்கொண்டு உட்காருங்கள். என் சுவாஹிலி வகுப்பில் வந்ததை விட அங்கேதான் அதிகம் வந்தது. இது பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடம். பெண்களுக்கு முற்றத்தில் தலை பின்னிக்கொண்டு பேசும் கூட்டம் இருக்கிறது. அழைப்பு வந்தால் தட்ட வேண்டாம்.

சாப்பிடும் இடத்தைக் கடந்து போனால் ‘கரிபு’ என்று அழைப்பார்கள். கை காட்டிவிட்டு நடந்து போகாமல் நின்று நன்றியாவது சொல்லுங்கள். உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ‘உகாலி’ வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. வலது கையால் உருட்டிச் சாப்பிடுவது நமக்குப் பழகிய வேலைதான். சைவம் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், சமைத்து வைத்தபின் சொல்லாதீர்கள். ‘ம்சீச்சா’ என்ற கீரை நம் தண்டுக்கீரை வகைதான், கூடவே ‘மஹராகே’ என்ற பீன்ஸும் கிடைக்கும். குறை ஒன்றும் இருக்காது.

பரிசு கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே பெண்கள் உடுத்தும் ‘கங்கா’ துணியை நிறம் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கீழ்க்கரை ஓரமாக ஒரு வாசகம் அச்சடித்திருக்கும். வாழ்த்தும் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியின் பொறாமையைக் குத்திக்காட்டுவதும் இருக்கும். வீட்டுக்கார அம்மாவுக்கு நீலமும் மஞ்சளுமாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கடைப் பெண் வாசகத்தைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டு, வேறொன்றை விரித்துக் காட்டினாள்.

கடன் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவருக்குக் கொடுத்து அடுத்தவருக்கு இல்லை என்றால் மனஸ்தாபம் வரும். ‘போடா போடா’ என்ற வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏற வேண்டாம். காய்ச்சல் வந்தால் ஊர்க் காய்ச்சல் மாதிரி ஒரு மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றே மலேரியா பரிசோதனை செய்யுங்கள்.

அப்புறம் வீட்டுக்குப் போன் செய்யும் நேரம். தன்சானியா நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே இரவு 9.30க்கு அம்மாவோடு பேசலாம் என்று வைத்துக்கொண்டால் அங்கே அது மாலை 7. கெண்டி கொதித்து, தெரு முழுக்க வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன். பிறகு போனைக் காலை 6 மணிக்கு மாற்றினேன். வீட்டில் அப்போது 8.30, அம்மா வேலையை முடித்துவிட்டு இரண்டாவது காபியோடு உட்காரும் நேரம்.