செப்டிக் டேங்கைப் பார்க்க யாரை அழைப்பது? வடசென்னையில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும்

முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழைப் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறவர்கள்கூட, வாசற்படிக்கு அடியில் புதைந்திருக்கும் செப்டிக் டேங்கைப் பற்றி விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "அதெல்லாம் நல்லா இருக்கு சார்" என்ற பதில் அடுத்த கார்த்திகை மாதத்தில் கழிப்பறை வழியே எதிர்த்து வரும்போதுதான் அதன் உண்மை மதிப்பு தெரிகிறது.

ஆளைத் தேடுவதற்கு முன், அந்த வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் பாதாள சாக்கடை நெடுங்காலமாக உண்டு. ஆனால் மணலி, மாதவரம், கத்திவாக்கம், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் போன்றவை 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. அங்கெல்லாம் ஒரு தெருவில் குழாய் இருக்கும், அடுத்த தெருவில் இருக்காது. குடிநீர், கழிவுநீர் வரி கட்டிய ரசீதை இணைப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் வரி சொத்துக்கு விதிக்கப்படுவது, இணைப்புக்கு அல்ல. குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீடு கைமாறும்போது உரிமம் பெற்ற ஆய்வாளர் செப்டிக் அமைப்பைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு தனித் தொழிலே இல்லை. ஆகவே கொத்தனார், பிளம்பர், கழிவு உறிஞ்சும் லாரிக்காரர், கட்டடப் பொறியாளர் என்று நான்கு பேரில் ஒருவரைத்தான் நாம் ஆய்வாளராக ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொத்தனார் பழுதைச் சரியாகவே கண்டுபிடிப்பார், ஆனால் அதைச் சரிசெய்யும் வேலையும் அவருக்கே வரும் என்பதால் சிறு விரிசலும் பெரிதாகத் தெரியலாம். லாரிக்காரர் அந்தத் தெருவின் எல்லாத் தொட்டிகளையும் அறிந்தவர். அவர் வாய்மொழி பொன்னானது, ஆனால் எழுத்தில் தரமாட்டார். வீட்டுத் தரகர் அழைத்து வருகிறவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் கருத்தில், பழுதுபார்ப்பு வேலையை எடுக்காத ஒரு கட்டடப் பொறியாளரைக் கூலி பேசி அமர்த்தி, உரிமம் உள்ள லாரியை அதே நாளில் வரவழைத்து, இருவரையும் ஒன்றாக நிற்க வைப்பதே சிறந்த வழி.

அமர்த்தும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அனுபவத்தைப் பற்றியதோ கூலியைப் பற்றியதோ அல்ல: "உள்ளே எப்படிப் பார்ப்பீர்கள்?" என்பதுதான். "ஒரு பையனை இறக்கிப் பார்த்துவிடலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வேலை வாங்கியவர் வீட்டுக்காரர் என்றால் அவரும் தப்ப முடியாது.

நல்ல ஆய்வாளர் மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட விட்டு, தீக்குச்சியோ சிகரெட்டோ பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, எதையும் உறிஞ்சி எடுக்கும் முன்பே நீர்மட்டத்தைக் குறிப்பார். வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு ஒட்டி நீர் நிற்பதுதான் இயல்பு. அதற்குக் கீழே நின்றால் தொட்டி கசிகிறது, மேலே ஏறி நின்றால் உறிஞ்சு குழியோ (தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) வெளியேறும் குழாயோ அடைத்திருக்கிறது. பிறகு வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கோலை இறக்கி, கசடு எவ்வளவு உயரம் படிந்திருக்கிறது என்று அளப்பார். இவையெல்லாம் முடிந்த பிறகே லாரி உறிஞ்ச வேண்டும். காலியானதும் கம்பில் கட்டிய செல்போன் கேமராவால் உள்ளே உள்ள தடுப்புச் சுவரையும், குழாய் வாயில் பொருத்திய T வடிவ டி பைப்பையும் படம் பிடிப்பார். உறிஞ்சு குழியிலிருந்து நீர் திரும்பிப் பாய்கிறதா என்று சிறிது நேரம் காத்திருந்து பார்ப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாதவருக்குக் கூலி கொடுப்பது வீண்.

இதனால்தான், விற்பவர் "நேற்றுதான் லாரி வைத்து எடுத்தோம்" என்று பெருமையாகச் சொன்னால் நான் மகிழ மாட்டேன். காலியான தொட்டி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. இரண்டு, மூன்று வாரம் குடும்பம் புழங்கிய பிறகு வந்து பாருங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அப்போது பிளாஸ்டிக் தொட்டியை முழுவதும் காலி செய்தால் அது மண்ணைத் தள்ளிக்கொண்டு மிதந்து எழவும் கூடும். கசிவைச் சித்திரையில் பார்ப்பது நல்லது, எதிர்த்து வருவதை ஐப்பசியில் பார்ப்பது நல்லது. ஒரே தடவைதான் வர முடியும் என்றால் ஐப்பசியைத் தேர்ந்தெடுங்கள்.

வெளியேறும் நீர் மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருக்கிறதா என்பதையும் ஆய்வாளர் பார்க்க வேண்டும். கழிப்பறையில் நிறப்பொடி கலந்த நீரை ஊற்றிவிட்டு, தெருவின் வடிகாலில் அந்த நிறம் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். இப்படிப்பட்ட திருட்டு இணைப்பை மாநகராட்சி கண்டுபிடித்துத் துண்டிக்கும் நாளில் வீட்டின் உரிமையாளர் நீங்களாக இருப்பீர்கள்.

தொட்டிக்கும் குடிநீர்ச் சம்புக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை நாடாவால் அளந்து படம் வரையச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470 உறிஞ்சு குழிக்கும் கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே 18 மீட்டர் கேட்கிறது. அதாவது ஏறக்குறைய 59 அடி. 40-க்கு 60 என்று அளக்கப்பட்ட ஒரு கிரவுண்டு மனையின் முழு நீளம். அரை கிரவுண்டில் கட்டிய வீட்டில் இது நடக்காத காரியம் என்பது ஆய்வாளருக்கும் தெரியும். அதனால் அவர் "விதி மீறல்" என்று எழுதிவிட்டு நகராமல், கிணற்று நீரைக் கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வகத்தில், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிக்காகச் சோதிக்கச் சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் சொல்கிறவர் நம்பத் தகுந்தவர்.

விற்பவர்களுக்கு ஒரு சொல்: வாங்குபவர் ஆளைக் கூட்டி வருவதற்கு முன் நீங்களே ஒருவரை அமர்த்திப் பார்த்துக்கொண்டு, லாரி ரசீதுகளையும் பழுதுபார்த்த கணக்கையும் ஒரு கோப்பில் வையுங்கள். விலை பேசும்போது அந்தக் கோப்பு உங்கள் பக்கம் பேசும்.

ஆய்வறிக்கையில் தேதி, அளவுகள், படங்கள், கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். அதில் குறிக்கப்பட்ட பழுதுகளை யார் செலவில் எப்போது சரிசெய்வது என்பதைக் கிரய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கொடுங்கள். தொட்டியின் மூடியை மீண்டும் சிமெண்ட் பூசி அடைத்து, மேலே ஆள் நடந்தால் அசையாது என்று காட்டிய பிறகே ஆய்வாளரின் மீதிக் கூலியைக் கொடுங்கள்.