பால்கனி விரிசலைப் பூசி மூடும் முன்

மும்பையின் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் நம்மவர்கள் குடியிருக்கும் பழைய கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள். எங்காவது ஒரு பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து துருக்கம்பி தெரியும். மே மாதத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பி வெள்ளையடிப்பார்கள். ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் அதே இடம் மறுபடி விழும். கடல்காற்றின் உப்பும், காலப்போக்கில் காங்கிரீட்டுக்குள் இறங்கும் கரியமில வாயுவும் கம்பிக்கு இருந்த காப்பைக் கெடுத்துவிடுகின்றன. கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூசினால் இது நிற்காது.

முதலில் மேல்பக்கம்

எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தாங்கல் ஏதும் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும், அதிக இழுவிசை வருவதும் சுவரை ஒட்டிய இடத்தில்தான். அங்கே சுவருக்கு இணையாக, தரையின் நீளத்துக்கு விரிசல் ஓடுகிறதா? டைல்ஸ் இருந்தால் அந்த வரிசையின் இடுக்கு திறந்திருக்கிறதா? கைப்பிடிச் சுவர் வீட்டுச் சுவரோடு சேரும் மூலை மேலே அகன்று கீழே குறுகிப் பிளந்திருக்கிறதா? ரசமட்டம் வைத்தால் வெளிவிளிம்பு தொங்குவது தெரிகிறதா?

இதில் ஒன்று இருந்தாலும் இந்தச் செய்முறையை இதோடு நிறுத்துங்கள். சுவர் ஓரமாக நின்று எட்டும் தொட்டிகளை மட்டும் உள்ளே எடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, கீழே யாரும் நிற்காமல் மறித்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அடிப்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. (இருபுறமும் உத்தரம் தாங்கும் பால்கனியில் முக்கியக் கம்பி பெரும்பாலும் அடியில் ஓடும், அங்கே அடிப்பக்கப் பெயர்வே பெரிய சேதி.)

தட்டிப் பாருங்கள்

ஹெல்மெட், கண்ணாடி போட்டுக்கொண்டு, நேர்கீழே நிற்காமல் சின்னச் சுத்தியலால் பால்கனியின் அடிப்பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே காங்கிரீட் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது, சாக்பீஸால் வட்டமிடுங்கள். பூச்சில் மட்டும் வலை போலப் பரவிய மெல்லிய கோடுகள் அவ்வளவு ஆபத்தில்லை. கம்பி போகும் நேர்க்கோட்டில், செம்பழுப்புக் கறையோடு வரும் விரிசல்தான் துருவின் அடையாளம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில வாரத்தில் கோட்டைத் தாண்டினால் அது இன்னும் வளர்கிறது. அகலத்துக்கு ஒரு கணக்கு: காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 பொதுவாகப் பொறுத்துக்கொள்வது 0.3 மி.மீ., ஈரம் படும் இடத்தில் அதைவிடக் குறைவு.

எழுத்து வேலை

மும்பை மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி 30 ஆண்டு தாண்டிய கட்டடத்துக்குப் பதிவு பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். 1969-க்கு முந்தைய செஸ் (பழுதுபார்ப்பு வரி) கட்டும் கட்டடம் என்றால் மகாடாவின் (மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பு) பழுதுபார்ப்பு வாரியத்தைக் கேளுங்கள். எப்படியும் உங்கள் கட்டடத்தின் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பழுதுபார்ப்பு

பொறியாளர் "ஒட்டு போட்டால் போதும்" என்ற பிறகே இது. மழை ஓய்ந்த அக்டோபருக்கு அப்புறம் தொடங்குங்கள்.

கொத்துவதற்கு முன் பால்கனிக்கு அடியில் ஜாக்கி (முட்டுக்கால்) கொடுக்க வேண்டும். ஒரு மாடிக்குக் கொடுத்தால் போதாது. உங்கள் பால்கனியின் பாரத்தைக் கீழ்வீட்டுப் பால்கனி ஏன் சுமக்க வேண்டும்? மாடிக்கு மாடி நேர்கீழாகத் தரை வரை இறங்கட்டும்.

விட்டுப்போன காங்கிரீட்டை, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுங்கள். ஓரங்களைச் செங்குத்தாக வெட்டுங்கள். சரிவாக விட்டால் ஒட்டு அங்கிருந்துதான் உரியும். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து ஜிங்க் பிரைமர் அடியுங்கள். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் சொல்லும் அளவில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். பிறகு ஒட்டுப்பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடுக்கடுக்காக அழுத்தி வையுங்கள். "கெமிக்கல் போட்டாச்சு சார்" என்பார் மிஸ்திரி. பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை நாள் ஈரம் காக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஜாக்கியை எப்போது எடுப்பது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

அடுத்து மேலே வாட்டர் ப்ரூஃபிங். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, தண்ணீர் வெளியேறும் குழாயை நோக்கி. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டாதீர்கள்: 5 செ.மீ. கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். வெளிவிளிம்பில் கிரில் பெட்டி கட்டி அதில் துளசித் தொட்டிகளை அடுக்குவதும் அப்படித்தான், சுமை வரக்கூடாத இடத்தில் வருகிறது.

கடைசியாக, வெளிவிளிம்பின் அடியில் விரல் அகலப் பள்ளம் ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவர் வரை போகாமல் அங்கேயே சொட்டிவிடும். கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் யாரும் போட்டுத் தருவதில்லை.