பள்ளி வாலிபால் டீமுக்கு பிங்க் கேம் நடத்துவது எப்படி? முதல்முறை பொறுப்பெடுக்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஹைஸ்கூல்களில் ஆகஸ்டில் பெண்கள் வாலிபால் சீசன் தொடங்கியதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழும்: "இந்த வருஷம் பிங்க் கேமை யார் எடுத்துச் செய்றீங்க?" அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அந்த மாதத்தில் சொந்தப் பள்ளியில் நடக்கும் ஏதாவது ஒரு ஆட்டத்தை (ஹோம் கேம்) அதற்கென்று ஒதுக்கி, டீமும் பார்க்க வருபவர்களும் ரோஸ் நிறம் உடுத்தி, நன்கொடை திரட்டித் தருவது இங்கே பல பள்ளிகளில் வழக்கம். டெக்சாஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியா என்று நம்மவர்கள் அதிகம் வசிக்கும் ஊர்களில் அந்தப் பொறுப்பு இப்போது தமிழ்க் குடும்பங்களுக்கும் வருகிறது. நாம் படித்த பள்ளிகளில் இப்படி ஒன்று இருந்ததில்லை. அதனால் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் வருவது இயல்புதான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அரங்கம் முழுக்க ரோஸ் நிறமாக இருந்துவிட்டால் விழிப்புணர்வு வந்துவிடாது. ஆட்டம் பார்க்க வந்த ஒரு பெண்ணாவது மறுநாள் காலையில் போனை எடுத்து மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கு, நாள் குறிக்க வேண்டும். மற்ற எல்லா ஏற்பாடுகளையும் இந்த ஒரு நோக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்.

இந்த வழக்கத்தின் பின்னணியையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, பிள்ளைகள் கேட்பார்கள். கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களும் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியும் சேர்ந்து 1993-இல் 'கோச்சஸ் வெர்சஸ் கேன்சர்' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கே யாவ், 1987-இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அவர் 2009-இல் காலமானார். அவர் பெயரிலுள்ள நிதிக்காக இன்றும் பல பள்ளி, கல்லூரி அணிகள் ஆடுகின்றன. வாலிபாலுக்கென்று 2004-இல் தொடங்கிய சைட்-அவுட் பவுண்டேஷனின் 'டிக் பிங்க்' இயக்கம் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு சிட்னியில் ஜனவரியில் நடக்கும் பிங்க் டெஸ்ட் ஞாபகம் வரும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி, மார்பகப் புற்றுநோயால் இறந்த ஜேன் மெக்ராத்தின் நினைவாக 2009-இல் தொடங்கியது அது.

முதல் படி: தேதியும் அனுமதியும்

முதலில் பயிற்சியாளரிடம் பேசுங்கள். பிறகு அவர் மூலமாகவே பள்ளியின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டரிடம் போங்கள். பயிற்சியாளரைத் தாண்டி நேரே மேலே போனால் வேலையும் நடக்காது, மனக்கசப்பும் மிஞ்சும். நிதி திரட்டுவதற்குப் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் தனிப் படிவம் இருக்கும். அதில் கையெழுத்து வாங்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் டெக்சாஸில் வாலிபால் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி மாலைகளில் நடக்கும். என் யோசனை, செவ்வாயைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு (சீனியர்) மாணவிகளை வழியனுப்பும் சீனியர் நைட்டும் அக்டோபரில்தான் வரும். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அந்த மாலை அந்தப் பிள்ளைகளுடையது. பள்ளியின் ஆண்டுக் கொண்டாட்டமான ஹோம்கமிங் வாரம், கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டிக்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி தேர்வுக்கு முந்தைய இரவு இவற்றையும் தவிர்த்துவிடுங்கள். நவராத்திரி, தீபாவளித் தேதிகளையும் ஒருமுறை பாருங்கள். சரஸ்வதி பூஜையன்று நம் குடும்பங்களை ஜிம்முக்குக் கூப்பிட முடியாது.

எதிர் அணியின் பயிற்சியாளருக்கு குறைந்தது இரண்டு வாரம் முன்னால் தகவல் போக வேண்டும். அவர்களும் ரோஸ் சட்டையில் வந்தால் அரங்கத்தின் இரண்டு பக்கமும் ஒரே எண்ணத்தோடு இருக்கும்.

இரண்டாம் படி: பணம் யாருக்குப் போகிறது?

'கேன்சருக்கு' என்று பொதுவாகச் சொல்லிப் பணம் வாங்கக் கூடாது. நிறுவனத்தின் பெயர், அது என்ன செய்கிறது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வர வேண்டும். சிகிச்சை ஆராய்ச்சியா, நோயாளிகளின் போக்குவரத்து உதவியா, காப்பீடு இல்லாதவர்களின் பரிசோதனைச் செலவா என்பதைப் பெண்பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும். உங்கள் ஊர் மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையையும் பாருங்கள். எதுவானாலும் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள அறக்கட்டளை என்ற தகுதி உள்ளதா என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-இன் தளத்தில் பெயரைத் தட்டித் தேடிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாம் படி: சட்டையும் விதியும்

ஆட்டத்துக்கே ரோஸ் ஜெர்சி போடுவதைவிட, வார்ம்-அப் சட்டையை ரோஸ் நிறத்தில் அடித்துக்கொள்வது சுலபம், செலவும் குறைவு. ஜெர்சியையே மாற்றுவதென்றால் எண்ணின் அளவு, நிறம் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. லிபரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரி, அணியின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். எல்லோரும் ரோஸ் என்றால் அவளுக்கு வெள்ளையோ கறுப்போ வேண்டும். பலர் இதை மறந்து ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். டிசைனைப் பயிற்சியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். காலுறை, ஷூ லேஸ், துணி ரிப்பன் போதும் என்று அவர் சொன்னால் அதுவும் போதும்.

நான்காம் படி: ஒரே ஒரு செய்தி

முழு மனதையும் வைக்க வேண்டிய இடம் இது. நான் பார்த்த பல பிங்க் கேம்களில் பலூன் இருக்கும், கேக் இருக்கும், ரிப்பன் இருக்கும். மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு உருப்படியான தகவல்கூட யார் காதிலும் விழாது.

சொல்ல வேண்டியது சிக்கலானதும் அல்ல. சராசரி ஆபத்துள்ள பெண்கள் 40 வயதிலிருந்து 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட பரிந்துரை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் அதற்குக் கைக்காசு கிடையாது. காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்த பெண்களுக்கு மத்திய அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி நடத்தும் பரிசோதனைத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 40 வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அறிவிப்பை டீம் கேப்டன் படிக்கட்டும். ஒரு பதினேழு வயதுப் பெண் மைக்கில் கேட்டால் அம்மாக்கள் காது கொடுப்பார்கள். இப்படி இருக்கலாம்: "இங்கே வந்திருக்கும் 40 வயதைத் தாண்டிய பெண்களே, நீங்கள் கடைசியாக மேமோகிராம் எடுத்தது எப்போது? ஞாபகம் வரவில்லை என்றால் இப்போதே போனை எடுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு 'டாக்டருக்குப் போன் செய்' என்று அலாரம் வையுங்கள். நாங்கள் ஒரு நிமிடம் காத்திருக்கிறோம்." சொன்னபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். அரங்கம் முழுக்கப் போன் வெளிச்சம் தெரியும்வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

ஆடுகிற பிள்ளைகளுக்கு மேமோகிராம் வயதில்லை. அவர்களுக்கான வேலை வேறு: அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்கு இந்த நோய் இருந்தது என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது. நம் வீடுகளில் அத்தைக்கோ சித்திக்கோ வந்ததைப் 'பெரிய ஆபரேஷன்' என்ற வார்த்தையோடு மூடிவைத்திருப்போம். அந்தப் பேச்சைப் பிள்ளை தொடங்கினால் பெரியவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊரிலிருந்து வந்து பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்காகத் தமிழிலேயே ஒரு சிறு அட்டை அடித்துக் கொடுங்கள். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர்க்கசிவு, இவற்றில் எது இருந்தாலும் வலி இல்லை என்று தள்ளிப்போடக் கூடாது. இவ்வளவு இருந்தால் போதும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வழக்கமான பரிசோதனைகளுக்குப் பணம் தராது. அதனால் 'ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். சென்னைக்காரர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் தெரியாமல் இருக்காது. மீதமான அட்டைகளைக் கொலுவுக்கு வருபவர்களின் தாம்பூலப் பையிலும் போடலாம், மஞ்சள் குங்குமத்தோடு.

ஐந்தாம் படி: நோயிலிருந்து மீண்டவர்களை அழைப்பது

பல பள்ளிகளில் நோயிலிருந்து மீண்டவர்களை மைதானத்துக்கு அழைத்து மாணவிகள் பூ கொடுப்பார்கள். அழகான விஷயம். ஆனால் யாரையும் அந்த இடத்தில் திடீரென்று எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால் தனியாகப் பேசி, பெயர் சொல்லலாமா, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

'நான் ஆடுவது இவருக்காக' என்று பிள்ளைகள் பெயர் எழுதி ஒட்டும் பலகை வைப்பதுண்டு. இங்கே நம் குடும்பங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர்களுக்கே சொல்லாமல் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மகள் பாசத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டால், அந்த அம்மா அத்தனை பேர் முன்னால் என்ன செய்வார்? எனவே பெயர் எழுதும் அட்டையை ஒரு நாள் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், பெற்றோர் பார்த்துச் சம்மதித்ததும் ஒட்டுங்கள். 'என் பாட்டி', 'என் டீச்சர்' என்று பெயரில்லாமலும் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: நன்கொடை சேர்ப்பது

எனக்கு மிகவும் பிடித்தது டிக் கணக்கு. எதிரணி ஓங்கி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பதே டிக். ஒவ்வொரு டிக்குக்கும் 25 சென்ட் தருவதாக ஒரு குடும்பம் ஒப்புக்கொள்கிறது என்று வையுங்கள். ஆட்டத்தில் 50 டிக் வந்தால் 12.50 டாலர். நாற்பது குடும்பங்கள் சேர்ந்தால் 500 டாலர். கணக்கை எப்படியும் டீமின் புள்ளிவிவரம் எடுப்பவர் குறித்துக்கொண்டிருப்பார், உங்களுக்குக் கூடுதல் வேலை இல்லை. ஐந்து செட் போனால் எண்ணிக்கை ஏறும், அதனால் படிவத்தில் 'அதிகபட்சம் இவ்வளவு' என்று ஒரு கட்டம் வையுங்கள். இதில் இன்னொரு அழகு, பாயிண்ட் எடுக்கும் ஸ்பைக்கருக்கே எப்போதும் கிடைக்கும் கைத்தட்டல் அன்றைக்குத் தரையில் விழுந்து புரளும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

டி-ஷர்ட் விற்பதென்றால் முன்பதிவு வாங்கியே அடியுங்கள். எட்டு டாலருக்கு அடித்து பதினைந்துக்கு விற்றால், 'ஒரு சட்டைக்கு 7 டாலர் நன்கொடை' என்று போஸ்டரிலேயே போட்டுவிடுங்கள். கேள்விக்கே இடமிருக்காது. தின்பண்டம் விற்க விரும்பினால் பள்ளி மாவட்டத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு, முந்திரி, வேர்க்கடலை, பால் எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு தட்டிலும் எழுதி வையுங்கள். குலுக்கல் சீட்டு வேண்டாம், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

நம்மவர்களில் ஐ.டி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அதிகம். ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகத் தாங்களும் கொடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் ரசீது அந்த ஊழியரின் பெயரில் இருக்க வேண்டும். எனவே பெரிய தொகை கொடுப்பவர்களை உண்டியலில் போடச் சொல்லாமல், அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். அதற்கான கியூ.ஆர் கோடை வாசலில் பெரிதாக ஒட்டுங்கள்.

போன் வழியே பணம் அனுப்பும் உங்கள் சொந்த வென்மோ, ஸெல் கணக்கில் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். அணிக்கு உதவும் பெற்றோர் அமைப்பான பூஸ்டர் கிளப்பின் கணக்கில்தான் வர வேண்டும். உண்டியலைத் திறக்கும்போது உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் இருந்து, எண்ணி, தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளிடம் பணப்பெட்டியைக் கொடுத்தனுப்பக் கூடாது.

ஏழாம் படி: ஆட்ட நாள்

ஜே.வி (இரண்டாம் நிலை அணி) ஆட்டத்துக்கும் வார்சிட்டி (முதன்மை அணி) ஆட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் அறிவிப்பையும் மீண்டவர்களுக்கான மரியாதையையும் முடித்துவிடுங்கள். செட்டுகளுக்கு இடையே வழக்கமாக மூன்று நிமிடம்தான். இரண்டாம், மூன்றாம் செட்டுக்கு நடுவில் மட்டும், முன்கூட்டியே நடுவர்களிடம் சொல்லிவைத்தால், சிறப்பு நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம்வரை எடுக்கலாம். அதில் சின்னப் பிள்ளைகளை அழைத்து இரண்டு டாலருக்கு ஒரு சர்வ் போடச் சொல்லலாம். எதிர்ப்பக்கம் வைத்த வளையத்துக்குள் விழுந்தால் பரிசு. வேறு எதையும் அந்த ஐந்து நிமிடத்தில் திணிக்காதீர்கள், ஆட்டக்காரிகளின் உடல் குளிர்ந்துவிடும்.

எட்டாம் படி: கணக்கு ஒப்படைப்பு

ஒரு வாரத்துக்குள் டிக் எண்ணிக்கையை அனுப்பி ஒப்புக்கொண்ட தொகையை வாங்கிவிடுங்கள். தாமதமானால் வராது. பிறகு பூஸ்டர் கிளப் பொருளாளர் அறக்கட்டளையின் பெயருக்கே காசோலை எழுதட்டும். வந்தது, செலவு, கொடுத்தது என்ற மூன்று எண்களையும் எல்லாப் பெற்றோருக்கும், எதிர் அணிப் பயிற்சியாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கு வரிக்கழிவு கேட்க அறக்கட்டளையின் எழுத்துபூர்வமான ரசீது வேண்டும், அது கிடைத்ததா என்று விசாரியுங்கள். சட்டை வாங்கியவர்கள் முழு 15 டாலரையும் நன்கொடையாகக் காட்ட முடியாது என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடலாம்.

அந்த மின்னஞ்சலின் கடைசியில் பெயர் கேட்காத ஒரு கேள்விப் படிவத்தை இணையுங்கள்: 'ஆட்டத்துக்குப் பிறகு மேமோகிராமுக்கு நாள் குறித்தீர்களா?' நவம்பர் முடிவில் ஒருமுறை நினைவூட்டுங்கள். வரும் பதில்களை அனுமதிப் படிவம், அச்சகத்தின் விலைப்பட்டியல், அட்டையின் வாசகம் இவற்றோடு ஒரே கோப்பில் போட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னும் மூன்று சீசன் அவர் அங்கேதான் இருப்பார்.