பிரீவீலுக்கு வேண்டாத உபசாரம்

மழைக்காலம் வந்தால் யாங்கோனில் பிரீவீல் வேலை குவிந்துவிடும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பின்சக்கரப் பல்சக்கரம்தான் பிரீவீல். பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாக்களான சைக்காக்கள் தெருவெள்ளத்தில் ஊறி வந்து நிற்கும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளும் வருடம் தவறாமல் அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். அழுக்குச் செயினில் எண்ணெய் விடுவது, நட்டை அரைகுறையாக முடுக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு திட்டு வாங்கினால் அவை தானே போய்விடும்.

உள்ளே கிரீஸ் அடைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்கு வைக்கும் கிரீஸைப் பிரீவீலுக்கும் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

பிரீவீலின் வெளிவளையத்துக்குள் சாய்வான பற்கள் இருக்கின்றன. உள்பாகத்தில் பெரும்பாலும் இரண்டு நாக்குகள். மெல்லிய ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மிதித்தால் பல் நாக்கில் மாட்டி ஹப்பைச் சுழற்றும். மிதிப்பதை நிறுத்தினால் செயினும் வெளிவளையமும் நின்றுவிடும். உள்பாகம் மட்டும் சக்கரத்தோடு ஓடும். அப்போது நாக்குகள் பற்களின் சாய்வில் அமுங்கி எழும் ஓசைதான் அந்த டிக் டிக். கெட்டிக் கிரீஸில் அமுங்கிய நாக்கு எழாது. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு வலு ஏது?

ஒரு தம்பி சைக்கா ஒன்றுக்கு வழிய வழியக் கிரீஸ் அடைத்து அனுப்பினான். "சத்தமே இல்லை, வெண்ணெயாக ஓடுகிறது" என்று பெருமை வேறு. பாலத்து ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எழுந்து மிதித்தார் ஓட்டுநர். மாட்டியது ஒரு நாக்குதான். முழுப் பாரத்தையும் தாங்காமல் அதன் முனை உடைந்து, பெடல் வெறுமனே சுற்ற, முழங்கால் ஹாண்டில் பாரில் இடித்தது. புதுப் பிரீவீல், அவருடைய அன்றைய வருமானம், மருந்துச் செலவு எல்லாம் கடையின் தலையில்.

மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி அழுக்கை வெளியேற்றுங்கள். வடிந்து காய்ந்தபின், வெளிவளையமும் உள்பாகமும் சந்திக்கும் இடுக்கில் தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு போதும். வெள்ளத்தில் ஓடினால் அது கழுவிப்போகும். மறுபடி விட வேண்டும். அந்தச் சோம்பலில்தான் கிரீஸ் டப்பாவைத் தேடுகிறார்கள். கிரீஸ் தடவியே தீர வேண்டுமென்றால், பிரீவீல் ஏறும் ஹப்பின் மரையில் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

மூடியைத் தவறான பக்கம் திருப்புவது

பிரீவீலின் உள்ளே இருப்பதை மூடி வைத்திருக்கும், இரண்டு குழியுள்ள மூடிக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். உளியும் சுத்தியலுமாக மறுபக்கம் அடித்தால் இன்னும் இறுகும். கழற்றுமுன் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை 3 மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக் குண்டுகள்.

பிரீவீல் ஹப்பில் இருக்கும்போதே சக்கரக் கம்பிகளை வெட்டுவது

வெட்டாதீர்கள். ரிம்மைப் பிடித்துத் திருப்பாமல் பிரீவீல் கழலாது.

சத்தம் நின்றதென்று மகிழ்வது

வேண்டாம்.

இறுகியதற்கு எண்ணெய் மட்டும் விடுவது

மிதிப்பதை நிறுத்திய பின்பும் பெடல் சுற்றி, மேல்பக்கச் செயின் தொய்ந்தால் பிரீவீல் உள்ளே பிடித்துக்கொண்டது என்று பொருள். துருவா, உடைந்த குண்டா என்று திறந்து பார்க்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.