ஹார்னெட்டுக்குச் சாம்பல் பூசுவது: எது நிஜம், எது கண்கட்டு?

பட்டர்வொர்த்தில் வளர்ந்த எனக்கு ஹார்னெட் போர்விமானம் என்றால் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் இரைந்துகொண்டு போவது. 1997-இல் மலேசிய விமானப்படைக்கு வந்த எட்டு எஃப்/ஏ-18டி. உடம்பு முழுக்க ஒரே கருஞ்சாம்பல். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 பிளாஸ்டிக் மாடலில் அதை அப்படியே ஒரே சாம்பலில் அடித்தேன். 24 செ.மீ. நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை கிடைத்தது. அடுத்ததில் பேனல்கள், அதாவது உடல் தகடுகள், சேரும் எல்லாக் கோட்டிலும் கறுப்பு வாஷ் (கோட்டுக்குள் ஓடி இறங்கும் நீர்த்த பெயிண்ட்) விட்டேன். சமையலறை டைல்ஸ் மாதிரி ஆனது. மூன்றாவதுதான் தேறியது.

ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு) அடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அடிநிறம். சின்ன உருவத்தில் எந்த நிறமும் கூடுதல் இருட்டாகத் தெரியும். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெளிர்சாம்பல் கலந்துகொள்ளுங்கள். வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகிவிடும்.

அப்புறம் அதே கலவையை இன்னும் வெளுக்கவைத்து, தின்னர் (பெயிண்டை நீர்க்கவைக்கும் திரவம்) தாராளமாக விட்டு, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அங்கங்கே கிறுக்குங்கள். 0.3 மி.மீ. ஊசி போட்ட ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தூவும் கருவி) போதும். ஸ்பிரே டின்னில் இது நடக்காது. எல்லாப் பேனலிலும் நடு வெளுத்து ஓரம் கறுத்தால் விமானம் மெத்தைபோல் தெரியும். வெயிலும் அழுக்கும் அப்படி அளந்து படிவதில்லை.

சரி, நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன்: பேனல் கோடு. மாடலில் கோடு 0.2 மி.மீ. என்றால், 72-ஆல் பெருக்கினால் 14 மி.மீ. விரல் நுழையும் இடைவெளி! மாடலை 30 செ.மீ. தள்ளிப் பார்ப்பது நிஜ விமானத்தை கிட்டத்தட்ட 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து பார்த்தால் பெரும்பாலான கோடுகள் கண்ணிலேயே படாது. ஆனால் கோடே இல்லாவிட்டால் மறுபடியும் பொம்மைதான். அதனால் அடிநிறத்தைவிட ஒரு படி இருண்ட சாம்பலே என் தேர்வு. ஃபிளாப் (இறக்கையின் பின்னோரத்தில் மடங்கும் பலகை), வால் சுக்கான், இறக்கை மடியும் இடம் ஆகியவற்றில் நிஜமாகவே இடைவெளி உண்டு. கறுப்பை அங்கே மட்டும் விடுங்கள்.

வாஷுக்கு முன் கிளாஸ் கோட் (பளபளப்பான தெளிபூச்சு) கட்டாயம். அதன்மேல் டெகால் (நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டிவிட்டு எனாமல் வாஷ் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து, தின்னரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் துடையுங்கள். மிச்சக் கறை காற்றோட்டத்தில் படிந்த அழுக்காகத் தெரியும். இப்போது நிறம் ரொம்ப இருட்டாகப் பட்டால் பதறாதீர்கள், மேட் கோட் (பளபளப்பில்லாத தெளிபூச்சு) அடித்ததும் வெளுக்கும்.

பின்சேர்க்கை: வாஷ் துடைத்தும் போகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். கேட்டால், கிளாஸ் அடித்த அன்றே வாஷ் விட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு நாள் காயவிடுங்கள். இன்னொருவருக்கு லாக்கர் (வேகமாகக் காயும் பூச்சு) பால்போல் வெளுத்துவிட்டது. மழை கொட்டும்போது அடித்தாராம். மழை இருட்டினாலே ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரெஸரை நான் தொடுவதில்லை.