ஸ்லாக் பாட் எழுதுகிறீர்களா? முதலில் 'பார்க்கிறேன்' சொல்லுங்கள்

கஞ்சிக்கோட்டில் எங்கள் குடோனுக்காக ஆபீஸ் அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் சின்னதாய் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதினேன். வாளையார் தாண்டிவிட்டதா லாரி என்று ஸ்லாஷ் கட்டளை ('/' குறியில் தொடங்குவது) தட்டினால் விடை வரவேண்டும். வந்ததோ டைம் அவுட். கட்டளைக்கு 3 விநாடிக்குள் சர்வர் பதில் தந்தாக வேண்டும். எங்கள் பழைய டேட்டாபேஸ் சோம்பல் முறிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்! சரி, வழி இதுதான்: 'பார்க்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லோடு 200 பதிலை ('கட்டளை கிடைத்தது' என்று சொல்லும் HTTP குறியீடு) உடனே அனுப்பிவிடுங்கள். அப்புறம் நிதானமாகத் தேடி, கட்டளையோடு வந்த ரெஸ்பான்ஸ் யூஆர்எல்லுக்கு (பின்னர் பதில் அனுப்ப ஸ்லாக் தரும் முகவரி) விடையை அனுப்பலாம். அது 30 நிமிடம் வரை, 5 முறை செல்லும். (நாங்கள் தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்தே அனுப்புகிறோம், ஆபீசில் இரு மொழிக்காரர்களும் பாதிக்குப் பாதி.) பாட்டின் ரகசியச் சாவியான டோக்கனை மட்டும் கோடுக்குள் எழுதி, கோடு சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.